வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை உண்டா?

கேள்வி: ஏப்ரல் 3, மாலை 6.10

எங்கள் மகளுக்கு எட்டு வயது. சென்ற ஜூனில் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே கற்பித்துவருகிறோம். இது எங்களுக்கு முதல் கோடை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் சில நாளில் லீவு விட்டுவிடுவார்கள். நாமும் விட வேண்டுமா? பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு லீவு எதற்கு, ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் போகட்டும் என்கிறார் என் கணவர். இரண்டு மாதம் விட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று அவருக்குப் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏப்ரல் 3, இரவு 9.45

விடுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளியின் நாட்காட்டி நம்மைக் கட்டாது. ஆனால் உங்கள் தெருவில் இருக்கும் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் அது கட்டுகிறதே. ஜூன் முதல் மார்ச் வரை காலை எட்டரை மணிக்குமேல் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. நான்கரைக்கு வேன் இறக்கிவிட்டுப் போகும், ஐந்தரைக்கு டியூஷன். தன் வயதுப் பிள்ளையோடு காய் விட்டு, அழுது, மறுபடியும் பழம் விட உங்கள் மகளுக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும்தான். ஏப்ரலில் தெரு நிரம்பும்போது அவளை மட்டும் கணக்குப் புத்தகத்தோடு உள்ளே உட்காரவைப்பது பெரிய அநியாயம்.

நாங்கள் திருச்சியில், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். பெரியவளுக்குப் பதினான்கு, சின்னவனுக்கு ஒன்பது. இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள்.

ஏப்ரல் 4, காலை 7.20

ஒன்று சேர்க்க வேண்டும். பாடப் புத்தகத்தைத்தான் மூடச் சொன்னேன். விடியலில் எழுவதைக் கைவிடச் சொல்லவில்லை. கோடையில் பத்து மணிவரை தூங்கவிட்டால் நாளின் நல்ல பகுதி முழுவதும் போய்விடும். மிச்சம் இருப்பது வெயில்தான்.

ஏப்ரல் 4, பிற்பகல் 3.00

"அப்படியானால் உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன், ஆனால் இதைக் கால அட்டவணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தரைக்கு எழுந்தால் மொட்டைமாடியில் காற்று வரும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்னவன் வேலை. பின்வீட்டு வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. அதே மரத்தில்தான் குயிலும் விடியும் முன்பே கத்தத் தொடங்குகிறது. கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக இருப்பது பெண். இரண்டும் வேறு வேறு பறவை என்று சின்னவன் வெகுநாள் நினைத்திருந்தான். கூவுவது ஆண்தான் என்பதை யாரும் சொல்லித்தராமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து தெரிந்துகொண்டான். சென்ற வாரம் காக்கைகள் ஆண் குயிலைத் துரத்திக்கொண்டு போவதையும், அந்த நேரத்தில் பெண் குயில் கூட்டுப் பக்கம் போவதையும் அக்காவும் தம்பியும் சேர்ந்து பார்த்தார்கள். முட்டை இட்டதா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஏணி வேண்டும் என்கிறான். ஏணி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஏழரைக்குப் பழைய சோறும் மோரும். பிறகு திண்ணையில் வாசிப்பு, அவரவர் விருப்பப் புத்தகம். பத்து மணிக்குத் தெருப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பதினொன்றிலிருந்து நான்கு வரை எல்லாரும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில். நான்கரைக்குமேல் தெரு அவர்களுடையது. இருட்டிய பிறகுதான் வீட்டு ஞாபகம் வரும்.

ஏப்ரல் 6, காலை 11.15

மறந்துவிடும் என்ற பயத்தைப் பற்றி.

மறக்கும்தான். ஆனால் எது மறக்கிறது என்று கவனியுங்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் மறக்கிறது. தினமும் பயன்படுத்தியது மறப்பதில்லை. எங்கள் வீட்டில் ஏப்ரல், மே மாதத்துக் கணக்கு முழுவதும் மின்சார மீட்டரில் நடக்கிறது. 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கூடத்து மின்விசிறி 75 வாட்; பகலும் இரவுமாகப் பதினான்கு மணி நேரம் ஓடினால் 1.05 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். அதில் முதல் 100 யூனிட் இலவசம். அப்படியானால் இந்த ஒரு மின்விசிறியே அறுபது நாளில் 63 யூனிட்டைத் தின்றுவிடுகிறது என்று சின்னவன் கண்டுபிடித்த அன்று, ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் தாத்தாவையே அதட்டினான். தசமப் பெருக்கல் அவனுக்குப் புத்தகத்தில் வரவில்லை, இதில் வந்துவிட்டது.

தினம் காலை ஆறு மணிக்கு மீட்டர் எண்ணைச் சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதுகிறான். எந்த நாளில் ஏன் கூடியது என்று அவனே காரணம் தேடுகிறான். சென்ற ஞாயிறு அத்தை வீட்டார் வந்திருந்தார்கள், கிரைண்டர் இரண்டு முறை ஓடியது. காலண்டரில் அந்தக் கட்டத்தில் "மாவு" என்று எழுதிவைத்திருக்கிறான்.

ஏப்ரல் 9, இரவு 8.30

வடகம் போட்டோம். கை வலிக்கிறது, சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியாது போலிருக்கிறது.

என் மாமியார் தலைமையில்தான் இது நடக்கும். ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்து, கண்ணாடி போல் வரும்வரை கிண்டினார்கள். பச்சை மிளகாய் அரைத்த விழுது, பெருங்காயம், உப்பு; ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு. உப்பைக் குறைத்துத்தான் போட வேண்டும், காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும். "ஏன் ஏறுகிறது? யாரும் மேற்கொண்டு போடவில்லையே" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் பதில் சொல்லவில்லை. ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை அளந்து ஒரு தட்டில் ஊற்றி மாடியில் வைத்தாள். மாலையில் தட்டின் ஓரம் முழுவதும் வெள்ளை. அவன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் மட்டும்தான் போகிறது" என்றான். இதற்குமேல் ஆவியாதல் பாடத்தில் நான் என்ன சேர்க்க?

தாத்தாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துக் கரண்டியால் ஊற்றினோம். காக்கைக்குக் கறுப்புக் குடை. அந்தக் குடைக்கடியில் உட்கார்ந்து காவல் காத்த பிள்ளைகள்தான் காக்கையைவிட அதிகம் தின்றார்கள். பாதி காய்ந்து, மேலே தோல் கட்டி, உள்ளே கொழகொழவென்று இருக்கும் வடகத்தின் ருசியை எண்ணெயில் பொரித்தது தராது. எங்கள் தெருவில் எட்டுப் பிள்ளைகள். வேட்டியின் ஒரு ஓரம் அவர்களுக்கென்றே விட்டது.

ஏப்ரல் 12, மாலை 5.50

மின்விசிறிக் கணக்கைப் பற்றி ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்: இப்போது வரும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் விசிறிகள் 28, 30 வாட்டில் ஓடுகின்றன. ஆமாம். எங்களுடையது பழையது. சின்னவனிடம் சொன்னேன். பதினான்கு மணி நேரத்துக்கு 0.39 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் போயிருக்கிறான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 14, இரவு 10.05

புத்தாண்டு வாழ்த்துகள்.

காலையில் வேப்பம்பூப் பச்சடிக்குப் பூ உதிர்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார்கள். "இத்தனை படித்தவள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறாயே." இதைக் கோபமாகச் சொல்வதில்லை. அதனால்தான் எனக்கு வலிக்கிறது. அவர்கள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பள்ளி மணி அடிக்கும்போது கிணற்றடியில் நின்று அழுததை எனக்கே ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். மாமனார் படித்ததே காமராஜர் காலத்து மதிய உணவால்தான். அந்த ஒரு வேளைச் சோறு இல்லை என்றால் மாடு மேய்க்கப் போயிருப்பேன் என்று இன்றும் சொல்கிறார். 1956-இல் தொடங்கிய திட்டம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தெரியும்.

ஆகவே பள்ளி கெட்டது, சிறை, தொழிற்சாலை என்று இங்கே சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கோடிப் பேரை எழுத்தறிய வைத்தது பள்ளிதான். நாங்கள் வெளியே எடுத்தது எங்கள் மகளுக்கு அந்த நேரத்தில் அந்த வகுப்பறை ஒத்துக்கொள்ளாததால். ஏழு வயதில் தினமும் காலையில் வாந்தி. மருத்துவர் எல்லாம் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் இருந்த சில மாதத்தில் வாந்தி நின்றது. அவ்வளவுதான் எங்கள் தத்துவம். தம்பி அக்காவைப் பார்த்து வீட்டில் தங்கியவன். அவன் நாளைக்கே பள்ளிக்குப் போகிறேன் என்றால் அனுப்பிவைப்பேன்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயன் இல்லை. பெரியவள்தான் வழி கண்டுபிடித்தாள். மத்தியான நேரத்தில் பாட்டிக்கு ஆங்கில எழுத்து சொல்லித்தருகிறாள். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 16, பிற்பகல் 2.40

நேற்று சமயபுரம் தேர். முந்தின நாள் மாலையிலிருந்தே மஞ்சள் உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போனார்கள். பக்தர்களுக்காக அம்மனே இருபத்தெட்டு நாள், சமைத்த படையல் இல்லாமல், பச்சைப் பட்டினி இருக்கும் ஊர் அது. நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வாய் மோர் கொடுக்காமல் இருப்பார்களா? வழி நெடுகப் பந்தல். எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒரு மேசை போட்டார்கள்.

ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று தொடங்கினார்கள். பத்து மணிக்குள் தயிர் பாதியாகிவிட்டது, கூட்டம் குறையவில்லை. ஐந்து பங்காக்கலாமா, ஆறாக்கலாமா என்று மேசைக்குப் பின்னால் பெரிய விவாதம். ஆறு பங்கில் ருசி போய்விட்டது என்று ஒருத்தி சொல்ல, இஞ்சியும் கறிவேப்பிலையும் கூட்டித் தட்டிப் போட்டுச் சமாளித்தார்கள். காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்துவந்த ஒரு பாட்டி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, சின்னவன் தலையில் கை வைத்து, "எந்தப் பள்ளிக்கூடம் சாமி?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவன், "வீட்டில் படிக்கிறேன் பாட்டி. உப்பு சரியாக இருக்கிறதா?" என்றான். இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஏப்ரல் 18, பகல் 1.05

இதற்காகத்தான் இந்த இரண்டு மாதம் வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று திருச்சியில் நிழலில்லா நாள். சூரியன் வடக்கே போகும் பயணத்தில் நம் ஊரின் அட்சரேகையை, 10.8 பாகையை, கடக்கும் நாள். நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வரும். பதினொன்றரைக்கே தெருப் பிள்ளைகள் மாடிக்கு ஏறிவிட்டார்கள். தரை கொதித்ததால் சாக்கை நனைத்துப் போட்டோம். நடுவில் எவர்சில்வர் டம்ளர், ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, தாத்தாவின் கைத்தடி.

பன்னிரண்டு மணிக்கு டம்ளருக்கு மேற்கே நிழல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பன்னிரண்டு ஆகிவிட்டதே!" என்று ஏமாற்றம். பெரியவள் முன்பே கணக்குப் போட்டுவைத்திருந்தாள். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு. திருச்சி 78.7. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் நம் ஊருக்கு நண்பகல் கால்மணி நேரம் தள்ளித்தான் வரும். பன்னிரண்டே காலை நெருங்கியபோது நிழல் பிறைபோல் மெலிந்து, டம்ளரின் விளிம்புக்கடியில் நூலாகி, பிறகு இல்லவே இல்லை. டம்ளர் தரையில் ஒட்டிவைத்த படம்போல் நின்றது. குழாயின் துளை வழியாக விழுந்த வெளிச்சம் தரையில் முழு வட்டம். சின்னவன் நிமிர்ந்து நின்று தன் நிழலைத் தேடினான். தலையும் தோளும் பாதத்தைச் சுற்றி ஒரு திட்டாகக் கிடந்தன. சில நிமிடத்தில் கிழக்கே மெல்லிய கீற்று எட்டிப் பார்த்தது.

"தினமும் நண்பகலில் நிழல் காலடியில் இருக்கும்" என்றுதான் நான் படித்தேன். ஆண்டில் இரண்டு நாள் மட்டும்தான் அப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தது ஆகஸ்ட் 24 வாக்கில், சூரியன் தெற்கே திரும்பும்போது.

ஏப்ரல் 19, காலை 8.10

சென்னையிலிருந்து ஒருவர், தானும் நேற்று மாடிக்குப் போனதாகவும் நிழல் மறையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மறையாது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. உங்களுக்கு 24-ஆம் தேதி. சூரியன் ஏறக்குறைய மூன்று நாளில் ஒரு பாகை வடக்கே நகர்கிறது. கன்னியாகுமரிக்கு 10-ஆம் தேதி வாக்கிலேயே முடிந்திருக்கும், மதுரைக்கு 16-ஆம் தேதி வாக்கில்.

டெல்லியில் இருக்கும் வாசகிக்கு: உங்கள் ஊருக்கு இந்த நாள் வரவே வராது. கடகரேகை 23.5 பாகை, சூரியன் அதற்கு வடக்கே போவதில்லை, டெல்லி 28-க்கும் மேலே இருக்கிறது. விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும்போது பாருங்கள். ஆகஸ்டிலும் வாய்ப்பு உண்டு.

ஏப்ரல் 27, இரவு 9.20

கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். கோடைக் கல்யாணம் என்றாலே நம் பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வுதான். "எந்த கிளாஸ்?" என்பது முதல் கேள்வி. பதில் கேட்டதும் பந்தியிலேயே பதினேழாம் வாய்ப்பாடு கேட்கிறார் பெரியப்பா முறையில் ஒருவர். பள்ளிக்குப் போகும் அவருடைய பேரனிடம் யாரும் கேட்கவில்லை. சின்னவன் பதினேழு எட்டு வரை சொல்லிவிட்டு, பாயசம் வந்ததும் நிறுத்திவிட்டான். எனக்கு முதலில் கொதித்தது. பிறகு அதே மனிதர், தனக்குப் படிப்பு வராததால் அப்பா பெல்ட்டால் அடித்ததைப் பெரியவளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஏன் கேட்கிறார் என்பது புரிந்தது.

இன்னொருவர், இது சட்டப்படி குற்றம் என்றார். இங்கும் அதே கேள்வி வந்திருப்பதால் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பிரிவு 10 சொல்கிறது. அந்தக் கடமையைத் தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று சட்டம் எதையும் விதிக்கவில்லை. ஹோம்ஸ்கூலிங் என்ற சொல்லே அதில் இல்லை. தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாம் எல்லாரும் இருக்கிறோம். இதைத் தெரிந்தே முடிவெடுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு.

மே 5, பிற்பகல் 3.30

கத்திரி தொடங்கிவிட்டது. மாடிப் பக்கம் யாரும் போவதில்லை, காலையில் தவிர.

"போரடிக்கிறது" என்ற முனகல் இங்கும் உண்டு. செல்போன் கொடுக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: மத்தியானம் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. மாமியார் எதிரே உட்கார்ந்தால் யாரும் ஜெயிக்க முடியாது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதைக் கையை வைக்கும் முன்பே கண்ணால் ஓட்டிவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன், கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன், மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டு, "பாட்டி, எப்படி?" என்று கேட்டான். மாமியாரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முனகலைத் தீர்க்க நான் ஓடுவதில்லை. அரை மணி நேரம் விட்டால் அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும் வெளியே வந்துவிடும்.

மே 6, காலை 6.40

ஒரு திருத்தம், மாமியார் சொல்லி எழுதுகிறேன்: குழிக்கு ஐந்து என்பது அவர்கள் ஊர் முறை. ஆறு, பன்னிரண்டு வைத்தும் ஆடுவார்கள்.

மே 11, இரவு 10.30

முதல் நாள் "விடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதையேதான் சொல்வேன். ஆனால் பெரியவளைப் பார்க்கும்போது அதை எல்லா வயதுக்கும் நீட்ட முடியவில்லை.

அவள் விடுமுறை வேண்டாம் என்கிறாள். தெருவில் அவள் வயதுப் பெண்கள் இருவர்தான். ஒருத்தி பத்தாம் வகுப்புக்கான கோடை வகுப்புக்குப் போகிறாள். இன்னொருத்தி ஊருக்குப் போய்விட்டாள். சிறுவர்களோடு ஓடியாடும் வயதும் கடந்துவிட்டது. அவளுக்குத் தேவை கையில் ஒரு வேலை, அதற்கு ஒரு கெடு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில், என்.ஐ.ஓ.எஸ். என்கிறோமே, அதில் பத்தாம் வகுப்புக்கு இப்போது பதிவு செய்கிறோம். பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் மொழிப்பாடம் கட்டாயம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது தேர்வு வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். இந்தத் தளர்வுதான் எங்களுக்குப் பிடித்தது. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும்.

பாடம் தேர்ந்தெடுப்பதில் வீட்டில் மூன்று கட்சி. அப்பாவுக்குக் கணக்கு, அறிவியல். பாட்டிக்கு மனையியல். அவளுக்கு ஓவியம். தமிழில் யாருக்கும் சண்டை இல்லை. ஓவியத்தை நான் முதலில் ஆதரிக்கவில்லை. பிறகு யார் கேட்டாலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமே என்று தோன்றியது. பதினான்கு வயதுப் பெண்ணின் விருப்பத்தைவிட என் விளக்கச் சுமை பெரிதா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். ஓவியம் இருக்கட்டும்.

மே 13, காலை 7.00

கேட்டிருந்ததால்: நீச்சல் பயிற்சிக்கு அண்ணா விளையாட்டரங்கக் குளம். கோடையில் குழு குழுவாக எடுக்கிறார்கள். அதிகாலைக் குழுவில் இடம் பிடியுங்கள். பத்து மணிக்குமேல் போய்வருவதே தண்டனை.

மே 20, இரவு 9.10

கடைகளில் நோட்டுப் புத்தகம் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இனிமேல்தான் நம் வீடுகளுக்குக் கஷ்டமான காலம். ஹோம்ஸ்கூலிங் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏன் எழுதுவதில்லை என்று எனக்குக் கோபமே வருவதுண்டு. கோடை நமக்குச் சுலபம். ஜூன் முதல் வாரம்தான் கொடுமை. தெரு திடீரென்று காலியாகும். சென்ற ஆண்டு பள்ளி திறந்த காலையில் சின்னவன் வாசலில் நின்று ஒவ்வொரு வேனுக்கும் கையசைத்தான்; பிறகு உள்ளே வந்து படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. பள்ளிக்குப் போகிறாயா என்று கேட்டேன். "இல்லை, அவர்கள் இங்கே வேண்டும்" என்றான்.

அதனால் எங்கள் ஆண்டு ஜூனில்தான் கனமாகத் தொடங்குகிறது. புதிதாக எதைக் கற்கத் தொடங்கினாலும் அந்த வாரத்துக்கென்று எடுத்துவைக்கிறோம். இந்த முறை காவிரி. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. தினமும் நீர்மட்டம் செய்தித்தாளில் வரும். மீட்டர் எண்ணை எழுதும் காலண்டரில் அதையும் எழுத ஆரம்பித்துவிட்டான். வழக்கப்படி ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறந்தால், தண்ணீர் முக்கொம்புக்கு எந்த நாள் வருகிறது, அங்கிருந்து கல்லணைக்கு எப்போது போகிறது, மணிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் இடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது புதிய கதவணை நிற்கிறது. ஏன் உடைந்தது என்பது பெரியவளின் கேள்வி. வரைபடம் வரைந்துகொண்டு வருகிறேன் என்கிறாள்.

தெருப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் பேசிவிட்டேன். சனிக்கிழமை மாலை எங்கள் திண்ணை திறந்திருக்கும், டியூஷனை அன்று ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்று. மூன்று வீட்டில் சரி என்றார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். உங்கள் தெருவிலும் இப்போதே பேசிவையுங்கள், பள்ளி திறந்த பிறகு யாருக்கும் காது கேட்காது.

மே 21, காலை 6.15

ஜூன் 12 என்பது அணையில் போதிய தண்ணீர் இருந்தால் மட்டும். இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போயிருக்கிறது. அப்படித் தள்ளிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் சித்தப்பாவுக்குப் போன் செய்து, நாற்று விட்டுவிட்டாரா என்று கேட்பானாம். நல்லது, அதையும் காலண்டரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.